தெலுக் பாத்திக்கில் வந்த துரை

என் வீட்டுக்காரர் தங்கராஜுவைப் பற்றி ரிங்லெட் பக்கம் யாரிடம் கேட்டாலும், வாயில்லாப் பூச்சி என்பார்கள். இருபத்தாறு வருடமாக எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டுகிறார். நான் அதே எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறேன். அவர் பேசாததற்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன், அது வேறு கதை.

மேனேஜரை நாங்கள் இன்னமும் துரை என்றுதான் சொல்வோம். இப்போதிருப்பவர் மலாய்க்காரர், முப்பது வயதுகூட இருக்காது. அவருடைய ஜீப் வளைவில் தெரிந்ததும் யாராவது ஒருவர், "துரை வந்துட்டாரு" என்று குரல் கொடுப்பார்கள். உடனே என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு விறைத்து நிற்பார். நிற்கச் சொல்லி எந்தத் துரையும் கேட்டதில்லை. "அது சின்னப் பையன்லா, அதுக்குப் போயி இப்படி நிக்கிறீங்களே" என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

எங்கள் மகள் சசிரேகாவுக்கு எட்டு வயது. கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. போன பள்ளி விடுமுறையில், முறையாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, என் தம்பியின் காரை வாங்கிக்கொண்டு தாப்பா வழியாக மலையிறங்கினோம். தெலுக் பாத்திக் கடற்கரை வரைக்கும் பிள்ளை வாய் ஓயவில்லை. ஆனால் அலையைப் பார்த்ததும் பயந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா கையப் புடிச்சாத்தான் எறங்குவேன்."

"புடிச்சுக்க கண்ணு. அப்பா வுடமாட்டேன்" என்றார் அவர். அன்று அவர் பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான்.

பிள்ளைக்கு இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேரும் நின்றார்கள். ஒவ்வொரு அலைக்கும் அவள் கீச்சென்று சிரித்தாள். நான் கரையில் பாய் விரித்துப் புளிச்சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களுடைய பெரிய பையன் காருக்குள்ளேயே தூங்கிவிட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான். அவன் அம்மா சும்மா இருப்பாளா?

"துரை வந்துட்டாரு, எல்லாம் எந்திரிச்சு வழி வுடுங்க" என்று சத்தமாகக் கிண்டலடித்தாள்.

என் வீட்டுக்காரர் மகளின் கையை விட்டுவிட்டார். ஈரச் சட்டைக்குப் பொத்தானைத் தேடிக்கொண்டு, கரையைப் பார்த்து விறைத்து நின்றார். பின்னால் வந்த அலை பிள்ளையைப் புரட்டிப் போட்டது.

அந்த ஈப்போக்காரிதான் ஓடிப்போய்த் தூக்கினாள். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். பிள்ளை இருமி இருமிக் கண் சிவந்துபோனாள்.

"என்னண்ணே, புள்ளைய வுட்டுட்டு யாரைப் பாத்துக்கிட்டு நின்னீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மானம் கப்பலேறியது. சசிரேகா அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. திரும்பும்போது முன்சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று பின்னால் வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள்.

வழி நெடுக அவரைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன், லயத்து வீடுகளில் எல்லாரிடமும் சொன்னேன். "துரைன்னு காதுல வுழுந்ததும் பெத்த புள்ளையக் கடல்ல வுட்ட மனுசன்" என்று ஊரே சிரித்தது. எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு லோரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் குரல் கேட்டதும் நானும் எழுந்துவிட்டேன். கையில் சோற்றுக் கரண்டியோடு, தோளில் கிடந்த துண்டை இறக்கிவிட்டு, கார்கள் நிற்கும் பக்கம் பார்த்து நின்றேன். கடல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிள்ளை அலறிய பிறகுதான் திரும்பினேன்.

கரையைப் பார்த்து நின்ற அவர் அதைப் பார்த்தார். "நீயுந்தானே நின்னே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வாய் அடைத்துப்போயிருக்கும். அவர் இன்றுவரை கேட்கவில்லை.