சப்பாத்துக் கழற்றிய வாசல்

குருநகர் சந்தையில் மீன் விற்கும் மரியநாயகியிடம் பிரான்ஸ் எப்படி என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. கேட்டவர்களுக்கு வாங்கிய மீனோடு ஏச்சும் சேர்த்துக் கிடைத்தது. புருசனைக் கடலுக்குக் கொடுத்த பிறகு, மீன் விற்றே பிள்ளைகளை வளர்த்தவள். அயலில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் தண்ணீர் வார்த்ததும் அவள் கைதான். மகன் றமேஸ் பிரான்சிலிருந்து பிளேன் ரிக்கற் அனுப்பியபோது, பிறக்கப்போகும் பேரப்பிள்ளையைத் தன் கையால் குளிப்பாட்டிவிட்டுத்தான் திரும்புவேன் என்று சந்தைக்கே சொல்லிவிட்டுப் போனாள்.

போய்ப் பார்த்தால், மருமகள் வசந்தினியின் தாய் சிசிலியா முன்னமே வந்து குந்தியிருந்தாள். வீடு சின்னது. சம்பந்திமார் இருவருக்கும் ஒரே அறை. பிள்ளை பிறக்குமுன் ஒருத்தி ஊருக்குப் போகவேண்டி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரென்று ஒருவரும் கதைக்கவில்லை. குசினியில் சட்டிகள்தான் கதைத்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதில் சூழ்ந்த பழைய பட்டினம் ஒன்றைக் காட்ட றமேஸ் எல்லாரையும் காரில் ஏற்றினான். கூர்க்கோபுரங்கள், கல் பாவிய ஒடுங்கிய ஒழுங்கைகள், யன்னலுக்கு யன்னல் பூச்சட்டி. வசந்தினி நிறைவயிற்றோடு நின்று நின்று படமெடுத்தாள்.

"உதுக்கே இவ்வளவு தூரம் ஓடி வந்தனி?" என்றாள் மரியநாயகி. "எங்கடை கோட்டைச் சுவரும் உப்பிடித்தான். அதுக்கு ஷெல் அடிச்சவங்கள், இதுக்குப் பூ வைச்சிருக்கிறாங்கள்."

ஊர் நடுவில் பெரிய மாதா கோயில். வாசலுக்கு வந்ததும் அவள் யோசிக்கவேயில்லை. குளிருக்கென்று மருமகள் வாங்கித் தந்த சப்பாத்தைக் கழற்றிப் படியோரம் வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டாள். குருநகரில் செருப்போடு கோயிலுக்குள் ஏறினால், கிழவிமார் பார்க்கும் பார்வையிலேயே கால் பொசுங்கும். பக்கத்தில் றமேசும் ஒரு குதிக்காலைச் சப்பாத்திலிருந்து உருவினான். வசந்தினி அவனைப் பார்த்தாள். குதிக்கால் திரும்ப உள்ளே போனது. தாய் அதைக் கண்டாள்.

செபம் முடித்து வெளியே வந்தபோது படியில் சப்பாத்து இல்லை. சிசிலியாவின் காலில் அவளுடையது பத்திரமாக இருந்தது.

"நான் கழட்டேக்கை கண்டனீங்கள்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நேர்த்திக்கடனாக்கும் எண்டு நினைச்சன், சம்பந்தி."

அந்த ஊர்க் கடைகளில் மரவாளும் பொம்மைக் கேடயமும் விற்றார்கள். காலில் போட ஒன்றும் விற்கவில்லை. மழை நனைத்த கல்லில் வெடித்த பாதங்களோடு மரியநாயகி நடந்தாள். வந்திருந்த வெள்ளையர்கள் மதிலை விட்டுவிட்டு அவளைப் படமெடுத்தார்கள். வசந்தினி யாரோ எவரோ போல முன்னே போனாள். றமேஸ் இருவருக்கும் நடுவில், ஒருவரோடும் சேராமல் நடந்தான்.

காரில் ஏறியதும் வசந்தினி திரும்பாமலே புருசனுக்குச் சொன்னாள்: "மாமியின்ரை ரிக்கற்றை முந்திப் போடுங்கோ. ஆசுப்பத்திரிக்கும் உப்பிடித்தான் வந்து நிப்பா."

றமேஸ் காரைக் கிளப்பினான். மதில் கண்ணுக்கு மறையும்வரை தாய் பொறுத்திருந்தாள்.

"போடடா," என்றாள். "எனக்கும் ஊரிலை அலுவல் கிடக்கு."

பிறந்தது பெண்பிள்ளை. ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் நின்று றமேஸ் தாய்க்கு வீடியோ அழைப்பு எடுத்தான். மரியநாயகி குருநகர் சந்தையில் நின்றாள். வெள்ளைச் சட்டையோடு பிள்ளை சிசிலியாவின் கையில் கிடந்தது.

"உங்கடை மூக்குத்தான் அம்மா, பாருங்கோ."

"உள்ளை போகப்போறியளோ?"

"ஓம்."

"அப்ப போனைக் கொஞ்சம் கீழை பிடி. உன்ரை காலைக் காட்டு."

அவனுக்கு விளங்கியது. போன் பிள்ளையின் முகத்தை விட்டு அசையவில்லை. பிள்ளை கொட்டாவி விட்டது. மரியநாயகி மீன் செதில் ஒட்டிய விரலால் அழைப்பை வெட்டிவிட்டு, முன்னால் காத்து நின்ற மனிதரிடம் திரும்பினாள்.

"உமக்கு முழுசாவோ, வெட்டித் தரவோ?"