சரீர சுகம் கேட்ட அக்கா

கொரோனா ஊரடங்கில் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஆன்லைன் ஆராதனையை ஏற்பாடு செய்தவன் நான்தான். கோயில் திறந்த பிறகும் அதை நிறுத்தவிடவில்லை. டெல்லி என்ன சின்ன ஊரா? ஜெபக் குறிப்புகளுக்கென்று போனிலேயே ஒரு படிவமும் செய்தேன். வேலை, படிப்பு, பிரயாணம், சரீர சுகம். வேண்டியதைத் தொட்டால் போதும். முன்பெல்லாம் ஒவ்வொருவராக எழுந்து நின்று குறிப்பு சொல்வார்கள், அரை மணி நேரம் இழுக்கும். "மூணு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு பாருங்க" என்று போதகரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஜனக்புரியில் ஓர் அக்கா இருந்தார். நர்ஸ். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர், இங்கே வாடகை அறையில் தனியாக இருந்தார். ஞாயிறு காலை நைட் டியூட்டி முடிந்த கையோடு மெட்ரோ பிடித்து, பஸ் மாறி, கோல் மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்கள் கோயிலுக்கு வருவார். பாட்டு நேரத்தில் நின்றபடியே தூங்குவார். பக்கத்தில் எப்போதும் கரோல் பாக் ஆன்ட்டி. முழங்கையால் இடிப்பார்: "ஏம்மா, பரலோகத்துக்கும் தூங்கிட்டேதான் போவியா?"

உதவி என்று நினைத்துத்தான் சொன்னேன். "எதுக்குக்கா இவ்வளவு அலைச்சல்? லிங்க் அனுப்புறேன், படுத்துக்கிட்டே கேளுங்க."

"படுத்துக்கிட்டு ஆராதனையா? நல்லாருக்கே தம்பி" என்று சிரித்தார். அடுத்த ஞாயிறிலிருந்து அவர் பெயர் போட்ட கறுப்புச் சதுரம் மட்டும் திரையில் வந்தது.

பிறகு ஏழு வாரம் தொடர்ந்து 'சரீர சுகம்' தொட்டிருந்தார். எங்கள் சபையில் யார்தான் சரீர சுகம் கேட்கவில்லை? முழங்கால் வலிக்கும் அதுதான், ஜலதோஷத்துக்கும் அதுதான். போதகர் பட்டியலை வாசித்தார், நாங்கள் 'ஆமென்' என்று டைப் செய்தோம். அக்கா கோயிலில் எழுந்து நின்று சொல்லியிருந்தால் ஆன்ட்டி சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, என்ன ஏது என்று தோண்டி எடுத்திருப்பார். எட்டாவது வாரம் அக்கா எதையும் தொடவில்லை. சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பாட வீடு வீடாகப் போனோம். ஜனக்புரியில் கதவைத் திறந்த அக்கா கம்பளிக் குல்லா போட்டிருந்தார். குல்லாவுக்குக் கீழே காதோரத்தில் ஒரு முடிகூட இல்லை. நாங்கள் பாடிக்கொண்டே இருந்தோம். முதலில் நிறுத்தியது ஆன்ட்டிதான்.

"எப்பம்மா?"

"தசராவுக்கு முன்னாடி ஆபரேஷன். மார்புல கட்டி. ஈரலுக்கும் பரவிட்டு." யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"ஏங்க்கா எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னம்லா தம்பி. வாரா வாரம் போட்டனே." குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "யாராச்சும் போன் பண்ணுவீங்கன்னு பாத்தேன். பொறவு, எல்லாருக்கும் சோலி இருக்கும்லான்னு விட்டுட்டேன்."

ஆபரேஷன் அன்று கூட நிற்க ஆள் இல்லை. உடன் வேலை பார்க்கும் மலையாளி நர்ஸ் ஒருவர்தான் உறவுக்காரர் இடத்தில் கையெழுத்துப் போட்டாராம்.

ஜனவரியில் அவருடைய அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப்போனார். அதுவரை ஆள் மாற்றி ஆள் போனோம். கஞ்சி கொண்டுபோனோம், கையைப் பிடித்து ஜெபித்தோம். ஆன்ட்டி கால் அமுக்கிவிட்டார். பிந்திவிட்டோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மார்ச்சில் இறந்தார். அண்ணன் அடக்க ஆராதனைக்கு லிங்க் அனுப்பியிருந்தார்.

"அவங்கவங்க வீட்ல உக்காந்து பாக்க வேணாம். எல்லாரும் இங்க வாங்க, ஜல்தி" என்றார் ஆன்ட்டி.

கரோல் பாக்கில் ஆன்ட்டி வீட்டுச் சின்ன ஹாலில், ஒரு லேப்டாப்புக்கு முன்னால் பதினொரு பேர். படம் அடிக்கடி உறைந்து நின்றது. அங்கே போனைப் பிடித்திருந்தவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றதால் அக்காவின் முகம் கடைசிவரை தெரியவில்லை. பெட்டியை மூடும்போது எல்லாரும் எழுந்து நின்றோம். ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கை ஏன் இப்படி மெலிஞ்சுபோச்சு? காலைல சாப்டியா?"

"இல்ல ஆன்ட்டி."

"நேத்து?"

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.