தோணிக்குள் ஒரு தோட்டம்

எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கடைகளுக்கு வராமல் போன காலம். தோப்பூரில் வயல் மண்ணை மிதித்து வளர்ந்த நான், கலியாணம் முடித்து நிலாவெளிக்கு வந்திருந்தேன். வீட்டு வளவு முழுக்கக் கடற்கரை மணல். துறைமுகத்தில் வேலை செய்த என் கணவர், “இந்த மணலில மிளகாயோ? கீரையே முளைக்காது” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. முளைக்க வைத்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

மணலுக்கு உரமாகப் பசளை செய்யக் கிடங்கு வெட்டிக் குப்பையும் சாணியும் போட்டேன். ஊற்றிய தண்ணீரையெல்லாம் மணல் குடித்துவிட்டது. குப்பை உக்காமல் காய்ந்து கிடந்தது. இரண்டாவது கிடங்கும் அப்படியே.

பக்கத்து வளவில் ஒரு கரைவலைக்காரர் இருந்தார். அவருடைய பழைய தோணி அடிப்பலகை வெடித்து வேலியோரம் கிடந்தது. வாடைக்காற்று தொடங்கி, தொழிலுக்காக வேறு கரைக்குப் புறப்படும்போது, “விறகுக்கு எடுங்கோ தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ அதைப் பார்த்ததும் வேறு யோசனை. எங்கள் வளவுக்கு இழுப்பித்து, வெடிப்பைக் களிமண்ணால் அடைத்தேன். குசினிக் கழிவு, பூவரசம் இலை, சாணி, அடுப்புச் சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, மழை படாமல் தென்னோலைக் கிடுகால் மூடினேன். கிழமைக்கொரு தரம் மண்வெட்டியால் புரட்டுவேன். நாற்றம் வந்தால் காய்ந்த சருகைக் கூட்டிப் போடுவேன். கையெல்லாம் கொப்பளம். ஆனாலும் விடவில்லை.

மழை ஓய்ந்தது. மிளகாய்க் கன்றுகள் சட்டியில் தயாராக நின்றன. அந்த நேரம் பார்த்துக் கரைவலைக்காரர் ஊர் திரும்பினார். வேலிக்கு மேலால் பார்த்தவரின் முகம் கறுத்துவிட்டது.

“விறகுக்கல்லோ தந்தனான்? எரிச்சிருந்தா ஒண்டும் சொல்லமாட்டன். எங்களுக்குச் சோறு போட்ட தோணியில குப்பை கொட்டிப்போட்டீங்களே! விடிய வந்து கவிட்டுக் கொட்டிப்போட்டு எடுத்துக்கொண்டு போறன்.”

கவிழ்த்தால் அத்தனை மாதப் பாடும் மணலோடு போய்விடும். “குடுத்துவிடு, ஊரோடு பகை வேண்டாம்” என்றார் கணவர். ஏலாது என்றேன். விடியமுன்னமே எழும்பிப் போய்த் தோணியடியில் நின்றுகொண்டேன்.

அவர் இரண்டு ஆட்களோடு வந்தார். தோணிக்குக் கிட்ட வந்ததும் செருப்பைக் கழற்றினார். உடைந்த தோணி, உள்ளே குப்பை, அப்படியிருந்தும் கழற்றினார். அப்போதுதான் என் காலில் செருப்பு இருப்பதைக் கவனித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. நானும் கழற்றி வைத்தேன்.

“அண்ணை, கவிட்டாலும் பரவாயில்ல. முதல்ல ஒருக்காக் கையை வச்சுப் பாருங்கோ” என்று கிடுகை விலக்கினேன்.

அவர் தயங்கித் தயங்கிக் கையை விட்டார். கரிய, பொலபொலவென்ற மண். முகர்ந்து பார்த்தார்.

“குப்பை எங்க?”

“இதுதான் அண்ணை.”

அவர் கையைத் தட்டிவிட்டு, வந்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோபம் தணிந்ததா, இல்லையா? எனக்கு விளங்கவில்லை.

பின்னேரம் வேலியடியில் அவர் குரல் கேட்டது. தலையில் ஒரு கூடை நிறைய மீன் தலையும் குடலும்.

“இதையும் உள்ளுக்குப் போடுங்கோ தங்கச்சி. தோணி இன்னும் சோறு போடத்தான் நினைக்குது போல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தோணி மண்ணில் அந்த வருசம் காய்த்த முதல் மிளகாய் அவருடைய குசினிக்குத்தான் போனது.

இப்போது நான் இருப்பது வேறு வீடு. பசளை போடுவது சீமெந்துத் தொட்டியில். ஆனாலும் அதற்குக் கிட்டப் போகும்போது செருப்பைக் கழற்றாமல் போக என்னால் முடிவதில்லை; பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், அவர்கள் தட்டில் விழும் சோறும் கறியும் அங்கேயிருந்துதானே வருகிறது.