பொன்னையாவின் கைப்பேச்சு

மூன்றாவது கரண்டிச் சீனியையும் தேத்தண்ணியில் போட்டுக் கலக்குகிறார் பொன்னையா. எதிரே மனைவி ஜீவராணி காற்றில் கைகளை வீசி வீசி ஏசுகிறார். பொன்னையா முகத்தைத் தேயிலை மலைப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அவ்வளவுதான், ஏச்சு முடிந்தது. கையால் ஏசுகிறவர், பார்க்காத புருஷனை எப்படி ஏசுவது?

ஹட்டனுக்கு மேலே அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெசின்தான் பொன்னையாவின் ராஜ்ஜியம். அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. கொழுந்தைக் கொட்டு, மெசினை நிறுத்து, தொரை வர்றாரு, எல்லாம் கைப்பேச்சுதான். சல்லடைப் பக்கம் நின்ற ஜீவராணியிடம் கலியாணம் கேட்டதும் அந்தக் கைகளாலேயே. ஜீவராணியின் அப்பன் பக்கத்திலேதான் நின்றிருந்தாராம், பாவம்!

காதுக்கு மாட்ட மூடி கொடுத்தார்கள். பொன்னையா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"காத அடைச்சிக்கிட்டு ரோலர் ஓட்டுறதா? சத்தம் மாறுனா ஒடனே நிப்பாட்டணும்ங்க. நான் ஓட்டுன மெசின்ல ஒருத்தன் வெரல் போனதில்ல!"

சொல்லும்போது நெஞ்சு நிமிரும். வெறும் வாய்ச்சவடால் இல்லை, சத்தியம். அந்த விரல்களெல்லாம் இன்றைக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் முழுசாக இருந்து சோறு பிசைகின்றன. பொன்னையாவின் காதுதான் போய்விட்டது.

அதற்காக மனுஷன் கலங்கினாரா? "காது எதுக்கு? கண்ணு இருக்கே!" லயமே அவருக்காகக் கைப்பேச்சு பழகிக்கொண்டது. சம்பள உயர்வோ கோயில் திருவிழாவோ, அவருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

பிறகு இரத்தத்தில் சீனி ஏறி, சீனி வருத்தம் வந்தது. தேத்தண்ணிச் சீனியையே விடாதவர், பீடியை மட்டும் விடுவாரா? கிளினிக் டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு ஜீவராணியிடம் சொன்னார்: "மெசின் சத்தம் காத எடுத்திருச்சும்மா. சீனியும் பீடியும் இப்ப கண்ணுக்கு வருது. ரெண்டும் போனா இவரோட எப்படிப் பேசுவீங்க? சீக்கிரம் லேசர் வைக்கணும்."

ஜீவராணி அத்தனையையும் கையால் சொன்னார். பொன்னையா சிரித்தார். "எனக்கென்ன புள்ள, அந்தா மலையில பறக்குற பருந்து தெரியுது." குறித்த நாளில் அவர் போகவில்லை.

இன்று காலை, ஏச்சு முடிந்த பிறகு, ஜீவராணி அவர் முகத்துக்கு நேரே போய் நின்றார். மத்தியானம் ரொட்டியா, சோறா என்று கையால் கேட்டார்.

"ஆமா, ஆமா" என்றார் பொன்னையா.

ஜீவராணி இன்னும் ஓரடி நெருங்கினார். மெல்லக் கையை உயர்த்தி, நான் செத்துப்போகவா என்று கேட்டார்.

பொன்னையா வாய் நிறையச் சிரித்தார். "செய்யி புள்ள, செய்யி."

அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார் ஜீவராணி. அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை சட்டை வழியாக ஏறிவந்துதான் பொன்னையாவுக்கு எட்டியது. சிரிப்பு நின்றது.

"தெரியல புள்ள" என்றார். "மாரி மழைக்கு முந்தியே ஒங்கையி தெரியாமப் போயிருச்சு. ரோலர் பொன்னையாவுக்குக் கண்ணும் போச்சுன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். நீ பேசுறது எனக்குத் தெரியாமப் போறத விட, அவனுங்க சொல்லிட்டுப் போகட்டும்."

எத்தனையோ பேருடைய விரல்களைக் காத்த வலது கையை விரித்து, மனைவியின் மடியில் வைத்தார்.

"இதுல சொல்லு. கண்ணாஸ்பத்திரிக்கு எப்பப் போறோம்?"