கையெழுத்துக்கு ஒரு பழைய லேப்டாப்

“பிப்ரவரி, நான்காம் சனி. அவளுடைய லேப்டாப் அத்திபெலேயில் லினக்ஸுக்கு மாறியது. என்னைக் கேட்கவில்லை.”

இந்த ஆண்டு நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். நாட்குறிப்பில் நான் கருத்து எழுதும் வழக்கமில்லை. சந்தாபுரா ஏரி நிரம்பிய நாள், எங்கள் லேஅவுட் குடியிருப்பில் போர்வெல் வற்றிய நாள், காவிரித் தண்ணீர் அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொல்லப்பட்ட நாட்கள், இப்படித் தகவல் மட்டும். அந்தக் கடைசி வாக்கியமும் தகவல்தான் என்று நினைத்தே எழுதினேன்.

என் மனைவி வீட்டிலிருந்தபடியே சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி, மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பவள். ஓசூர் போகும் வழியில் உள்ள அத்திபெலேயில் கணக்கு அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர் அந்த வேலையில் பாதியை அவளுக்குப் பகிர்ந்து தருகிறார். கிருஷ்ணகிரிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கலாம். அவளை அக்கா என்று கூப்பிடுவார். அந்தக் கணக்கில் நான் அவருக்கு மாமா. இந்த உறவுக்கு நான் ஒப்புதல் கொடுத்ததாக எந்தப் பதிவும் இல்லை.

அவளுடைய லேப்டாப் பழையது. அதில் இருந்த விண்டோஸுக்குத் அப்டேட் வருவது நின்றுபோயிருந்தது, புதிய விண்டோஸை ஏற்றுக்கொள்ள லேப்டாப்புக்குத் தெம்பில்லை. காலையில் திறந்து வைத்தால் அவள் இட்லி ஊற்றிவிட்டு வரும்வரை யோசித்துக்கொண்டிருக்கும். பிறகு உள்ளறையிலிருந்து குரல் வரும்: “என்னங்க, மறுபடியும் நின்னுடுச்சு.” படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் அடையாளம் வைத்துவிட்டு எழுந்து போவேன். அவள் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு, அதன் முதுகில் கை வைத்தபடி பின்னால் நிற்பாள். பெரும்பாலும் அணைத்துப் போட்டாலே சரியாகிவிடும். ஆனாலும் நான் இரண்டு மூன்று இடங்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அணைப்பேன். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே என்னை யாரும் அவசரமாகக் கூப்பிடுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் அத்திபெலேக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனபோது ஏதோ கணக்குச் சரிபார்க்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது அதில் விண்டோஸ் போய் லினக்ஸ் வந்திருந்தது, மூடியில் லினக்ஸின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர் இருந்தது. வாங்கிய தேதியை என் கையால் எழுதி அதே இடத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். பென்குயினின் வயிறு அதில் வருடத்தை மறைத்திருந்தது.

அதற்குப் பிறகு உள்ளறையிலிருந்து குரலே வரவில்லை. மூடியைத் திறந்ததும் திரை வந்தது, அவள் உட்கார்ந்தாள், வேலை நடந்தது. நடுநடுவே போனில் வந்த ஏதோ செய்தியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். ஒரு நாள் நானாகவே போய் நின்றேன்.

“பிரிண்டர் வரலன்னு போன்ல சொல்லிட்டிருந்தியே?”

“அது அப்பவே வந்துடுச்சுங்க. தம்பிகிட்ட கேட்டேன், ஒரு வரி கமாண்டு அனுப்பினாரு, டைப் பண்ணேன், வந்துடுச்சு.”

“என்ன வரி?”

“அது உங்களுக்கு எதுக்குங்க? நீங்க போய்ப் படிங்க.”

அன்பாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஹாலுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன். எங்கள் வீட்டில் எது கெட்டாலும் முதலில் எனக்குத் தெரியும் என்ற நிலை போய், சரியான பிறகு எனக்குத் தெரிகிறது என்ற நிலை வந்திருந்தது. அந்த ஒரு வரியை அனுப்பியவர் மீது எனக்கு ஏற்பட்டதற்குப் பொறாமை என்பதைத் தவிர வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து லினக்ஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தேர்வுக்குப் படிப்பதுபோல், குறிப்பெடுத்துப் படித்தேன். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவள் ஒரு கல்யாணத்துக்காக ஓசூர் போயிருந்தாள். என் கோப்புகளையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்தேன். நகலில் ஒவ்வொரு கோப்பின் தேதியும் மாறாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். பிறகு என் லேப்டாப்பில் லினக்ஸை ஏற்ற உட்கார்ந்தேன். பழைய விண்டோஸைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறீர்களா, முழுவதும் அழித்துவிடலாமா என்று அது கேட்டது. அவள் முழுசாக மாறியிருக்கும்போது நான் பாதி மாறினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. அழித்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. என்றைக்காவது அவளுடையது நிற்கும், அப்போது போய் ஒரு வரி டைப் செய்து சரிசெய்ய வேண்டும், அதுவரை தெரிய வேண்டாம் என்று வைத்திருந்தேன்.

மார்ச் பத்தொன்பது மாலை அவள் ஹாலுக்கு வந்தாள். தாக்கலுக்குக் கடைசி நாள் மறுநாள். அவள் கணக்குப் பார்க்கும் கம்பெனிகளில் இரண்டு, பிரைவேட் லிமிடெட். அவற்றுக்கு முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது பென் டிரைவ் போன்ற ஒரு டோங்கிளில் இருக்கும். அந்த டோங்கிள்கள் இரண்டும் அவள் கையில் இருந்தன.

“என்னங்க, உங்க லேப்டாப்ப கொஞ்சம் தாங்க. இது என்னுதுல எடுக்க மாட்டேங்குது. விண்டோஸ்ல போட்டாத்தான் கையெழுத்து விழும்.”

அந்த ‘என்னங்க’வுக்காக நான் கிட்டத்தட்ட மூன்று வாரம் காத்திருந்தேன்.

“அது இப்ப இல்ல,” என்றேன்.

“ஏன், ரிப்பேருக்குக் குடுத்திருக்கீங்களா?”

“லேப்டாப் இருக்கு. விண்டோஸ்தான் இல்ல.”

அலமாரியிலிருந்து அவளே எடுத்துத் திறந்தாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“எப்போ?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் உண்டு. “ரெண்டாம் ஞாயிறு. நீ ஓசூர் போயிருந்தப்போ.”

“எதுக்குங்க?”

அதற்கு என்னிடம் பதிவு இல்லை.

அத்திபெலேக்குப் போன் செய்தாள். உடனே வரச் சொன்னார். ஸ்கூட்டரில் அவளை உட்கார வைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போனேன். டோங்கிள்கள் அவள் கைப்பையில் இருந்தன. அவருடைய அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மேசைக்குக் கீழே தூசி படிந்த, விண்டோஸ் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று. கையெழுத்துக்காகவே வைத்திருக்கிறேன் என்றார். அவள் உட்கார்ந்ததும் அவர் நாற்காலியின் முதுகில் கை வைக்கவில்லை, தள்ளி வந்துவிட்டார். அதைக் கவனித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு டீ வரவழைத்து வெளியே வராந்தாவுக்குக் கூட்டிவந்தார். நடந்ததை அவள் போனிலேயே சொல்லியிருந்தாள் போலிருக்கிறது.

“விடுங்க மாமா, எல்லார்க்கும் ஆவறதுதான். மாத்தின அன்னிக்கே நான் அக்காகிட்ட சொன்னேன், கையெழுத்துக்கு மட்டும் ஒரு பழைய விண்டோஸ் சிஸ்டம் கைவசம் இருக்கட்டும்னு. அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘எங்க வீட்டுக்காரர்து இருக்கு, அவரு எதையும் மாத்த மாட்டாரு’ன்னாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். டீ சூடாக இருந்தது, கையில் பிடிக்க முடியவில்லை. என்னைக் கேட்காமல் மாறினாள் என்று நான் எழுதி வைத்த அதே நாளில், அவள் என்னைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் மாறியிருக்கிறாள். அப்படி அவள் சேர்த்து வைத்ததைத்தான் நான் அழித்திருக்கிறேன்.

திரும்பும்போது அவளிடம் அதைக் கேட்க நினைத்தேன். லாரிச் சத்தத்தில் முடியவில்லை. சந்தாபுரா சிக்னலில் வண்டி நின்றபோது அவளே முன்னால் சாய்ந்து பேசினாள்.

“உங்களுதுல பிரிண்டர் வருதா?”

“இல்ல.”

“காலையில கூப்பிடுங்க. அந்த வரிய போட்டுத் தரேன்.”

அன்றைய பதிவில், இரண்டு கையெழுத்தும் அத்திபெலேயில் போடப்பட்டன என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே அவள் சொன்னதாக அவர் சொன்ன வாக்கியம். அதை நம்பிச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா, அல்லது என் முகத்தைப் பார்த்து அவராகவே அப்படிச் சொல்லிவைத்தாரா என்பதற்கு இரண்டாம் சாட்சி இல்லை. அவளிடம் இன்னும் கேட்கவில்லை. பக்கத்தில் ‘உறுதிசெய்யப்படவில்லை’ என்று குறித்திருக்கிறேன்.