றெஜினா அக்கா எழுதாத கருத்து

செய்தி வந்தபோது நான் வாசகர் கருத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்கட்டண உயர்வு பற்றிய செய்திக்குக் கீழே முப்பது நாற்பது பேர் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பது மணியிருக்கும். ஊர்காவற்றுறையிலிருந்து றெஜினா அக்காவின் கணவர் யோசவ் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, றெஜினா எங்களை விட்டிட்டுப் போயிட்டா. விடிய குசினிக்குள்ள அடுப்படியில விழுந்தவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுது."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "வியாழக்கிழமை விசாரணையெல்லோ அண்ணை" என்று கேட்டதாக அண்ணை பிறகு சொன்னார். மனைவியை இழந்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவர் கோபிக்கவில்லை. "ஓம், அதுக்குப் போடச் சட்டையும் மினுக்கி வைச்சிருக்கிறா" என்றார்.

றெஜினா அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து இயங்கும், நான் ஆசிரியராக இருக்கும் எங்கள் சிறிய செய்தித் தளத்தில் அவர் ஆறு வருடங்கள் வாசகர் கருத்துப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். அரசாங்கம் புதிதாக ஒரு திட்டம் கொண்டுவந்தாலோ, ஒரு கம்பனி தீவுப்பக்கம் காலடி வைத்தாலோ, ஒரு புதிய செயலியை எல்லோரும் போனில் போடவேண்டும் என்று அறிவித்தாலோ, செய்தியை வாசிப்பவர்களைவிடக் கீழே உள்ள சண்டையை வாசிப்பவர்களே அதிகம். அந்தச் சண்டையில் எது வெளியே போகவேண்டும், எது போகக்கூடாது என்று ஊர்காவற்றுறையில் தன் வீட்டு மேசையில் இருந்தபடி தீர்மானித்தவர் அவர். அவரை அறிந்தவர்களுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். சொல்ல எனக்கு இரண்டு வருடங்கள் எடுத்திருக்கின்றன.

அவர் முன்பு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். எங்களிடம் வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார். யார்மீதாவது குற்றம் சொல்லும் கருத்து வந்தால், அனுப்பியவருடன் தொலைபேசியில் பேசாமல் அதை வெளியிடமாட்டார். அவர் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுவார். "கை எழுதினதை வாய் ஒருக்கால் சொல்லிப் பாக்கட்டும்" என்பார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று நான் கேலி செய்வேன். "மூட வேண்டாம். ஆரின்ர வாய் எண்டாவது தெரிஞ்சிருக்க வேணும்" என்பது அவருடைய பதில்.

ஒருமுறை கனடாவிலிருந்து ஒருவர், படகுச் சீட்டை இணையத்தில் பதியும் முறையைப் பற்றி எழுதியபோது, குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும் ஊழியர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார். அக்கா அந்த மனிதரை அழைத்து, அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மூன்றாவது வரியிலேயே மனிதர் இறங்கிவிட்டார். "தங்கச்சி, அதில நிக்கிற பெடியனில ஒருத்தன் என்ர மருமோன்தான். விடுங்கோ" என்றாராம். நாங்கள் ஒரு கிழமை சிரித்தோம்.

எனக்கு அந்த முறையில் எரிச்சலும் இருந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. செய்தித் தொழிலில் அதுதான் வேதம். கருத்து சுடச்சுட வெளிவந்தால்தான் தளத்துக்கு ஆட்கள் வருவார்கள். அவரோ பகல் முழுவதும் யாரையாவது தொலைபேசியில் தேடிக்கொண்டிருப்பார். பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். "நீர் சத்தம் போட்டா ஆள் போனை எடுக்குமோ?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி அழைப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அல்லைப்பிட்டிப் பக்கத்து ஆழங்குறைந்த கடலைக் கடலட்டைப் பண்ணைக்காக ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. செய்மதிப் படமும் மீன்பிடிச் செயலியில் பதிவான விவரமும் பார்த்ததில் அந்த இடத்தில் யாரும் தொழில் செய்வதில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஊரவர்களும் கையெழுத்திட்டுச் சம்மதித்துவிட்டார்களாம். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வாழ்த்துகள் குவிந்தன. வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி, நவீன தொழில்நுட்பம். மாற்றம் வேண்டாமென்றால் பனங்கிழங்கு தின்றுகொண்டே இருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அந்த வாழ்த்துகளின் நடுவில், புனைபெயரில், ஒரு கருத்து வந்து விழுந்தது. அதை அப்படியே தருகிறேன்:

"நாங்கள் அந்தக் கடலிலதான் தொழில் செய்யிறம். கரைவழிய போன் சிக்னல் இல்லை, அதால மீன்பிடி அப்பில பதியேல்லை. பதியாட்டி நாங்கள் இல்லையோ? கம்பனி கூட்டம் வைச்ச அண்டைக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்குத்தான் கையெழுத்து வாங்கினது. அதே தாளைத்தான் சம்மதம் எண்டு குடுத்திருக்கினம். கொப்பியைக் கொண்டு திரிஞ்சு கையெழுத்து வாங்கினவன் நான்தான், எனக்குத் தெரியும்."

அக்கா அன்று ஒரு செத்தவீட்டுக்காக நெடுந்தீவுக்குப் போயிருந்தார். படகில் ஏறுமுன் எனக்கு அழைத்தார். "அல்லைப்பிட்டியால ஒண்டு வந்திருக்கு. பெரிய விசயம். நான் இன்னும் ஆளோட கதைக்கேல்லை. பின்னேரம் வந்து கதைக்கிறன், அதுவரைக்கும் வைச்சிரும்."

நான் வைத்திருக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குப் போட்டித் தளமொன்று குத்தகைக்கு எதிராக ஏதோ எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. அக்காவின் பெயரில் உள்ளே போகும் கடவுச்சொல் எனக்குத் தெரியும். அதைக் கொண்டு உள்ளே போய், பொத்தானை அழுத்தினேன். ஒரு மணிக்குள் அது எல்லாக் குழுமங்களிலும் ஓடித் திரிந்தது. நான் தேநீர் குடித்துக்கொண்டு எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

நான் புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்தவன். தீவான். அந்தக் கடைசி வசனத்தின் பொருள் எனக்குப் புரிந்திருக்கவேண்டும். கனடாவில் இருந்து வாசிப்பவருக்கு அது யாரோ ஒருவர் எழுதிய வசனம். அல்லைப்பிட்டியில் அது ஒருவருடைய முகம். கூட்டத்தன்று அந்தக் கையெழுத்துக் கொப்பியைக் கொண்டு திரிந்தவர் யாரென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். புனைபெயர் எதற்கு உதவும்?

நாலு மணிபோல் குறிகட்டுவானில் இறங்கியதும் அக்கா அழைத்தார். பின்னால் படகு இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"அந்தக் கொப்பி வரியை எடும். இப்பவே எடும்."

"எடுக்கிறன் அக்கா. என்ன பிரச்சினை?"

"உமக்குத் தெரியேல்லையோ? நீரும் தீவு ஆள்தானே. அந்தாளுக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

எடுத்தேன். ஆனால் அதற்குள் பலர் அதைப் படம் பிடித்து வைத்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போகாமல் ஓட்டோ பிடித்து நேரே அல்லைப்பிட்டிக்குப் போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றனவாம். பண்ணையில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்த உள்ளூர் ஆட்கள் நாலு பேர். வேற்றாள் யாருமில்லை, எல்லாரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். "நீயோ எழுதினது, ஓமோ இல்லையோ?" என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் உள்ளே அறைக் கதவைப் பூட்டியிருந்தார்கள். போர்க்காலத்தைக் கண்ட அந்த ஊரில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பது என்னவென்று வயது வந்தவர்களுக்குத் தெரியும்.

அக்கா உள்ளே நுழைந்து, அவர்களுக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அந்தக் கருத்து என்ர பொறுப்பில வந்தது. என்னட்டைக் கேளுங்கோ."

"அப்ப நீங்களோ அக்கா எழுதினது?"

"என்ர பொறுப்பு எண்டு சொல்லிப்போட்டன். இனி இந்த வாசலுக்கு வராதேங்கோ. வாறதெண்டா என்ர வாசலுக்கு வாங்கோ, விலாசம் தெரியும்தானே?"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வாயில் ஒருநாளும் பொய் வந்ததில்லை. ஆனால் அவர்கள் தங்களுக்கு வேண்டியதை விளங்கிக்கொண்டு போனார்கள். இருட்டுமுன் தீவு முழுவதும் கதை பரவிவிட்டது. ஊர்காவற்றுறை றெஜினாதான் எழுதினவ, கொப்பிக் கதையை ஆரோ சொல்லிக் கேட்டு எழுதிப்போட்டா.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்கு மனவலிமை இல்லை. கம்பனியின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தது. எழுதியவரின் பெயரைத் தராவிட்டால் நடவடிக்கை எடுப்பார்களாம். கம்பனி ஆள் ஒருவர் அக்காவின் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். மிக மரியாதையாகப் பேசினார். பெயரை மட்டும் சொன்னால் போதும், அக்காவுக்கு ஒரு தொல்லையும் வராது என்றார். அக்கா தேநீரை அவர் பக்கம் தள்ளி வைத்தார். "தம்பி, பேரை நான் தந்தா, நாளைக்கு ஆர் எனக்குக் கருத்து அனுப்புவினம்?" என்றார். அவர் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். கோப்பையை எடுத்துப்போகிற சாட்டில் அக்கா குசினிக்குள் போய், அதை மூன்றுதரம் கழுவினார்.

அவரைத் திட்டி எங்கள் தளத்துக்கே கருத்துகள் வந்தன. மீன்காரர் விசயத்தில மூக்கை நுழைக்கிறவ, வெளிநாட்டுக் காசுக்கு ஆடுறவ, பெடியளின்ர வேலையைக் கெடுத்தவ. அவற்றை அழிக்கும் அதிகாரம் அவரிடமே இருந்தது. ஒவ்வொருவரையும் அழைத்து, அவர்கள் தம்மைத் திட்டியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, "சரிதானே, போடவோ?" என்று கேட்டார். பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். மீதியை வெளியிட்டார். "என்னைப் பற்றி வந்ததை நான் மறைச்சா இந்தப் பகுதியைப் பூட்டிப்போட்டுப் போறது நல்லம்" என்றார்.

நானோ வாயைத் திறக்கவில்லை. தளத்தின் உரிமையாளர் யார் வெளியிட்டதென்று கேட்டபோது, அக்கா, "என்ர பேரிலதான் போயிருக்கு" என்றார். அதுவும் உண்மைதான். இரண்டு நாள் நித்திரையில்லாமல் தவித்துவிட்டு, நான் ஊர்காவற்றுறைக்குப் போய், உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"இப்ப சொல்லி என்ன? நீர் போட்டனீர் எண்டா, அடுத்த கேள்வி ஆர் அனுப்பினது எண்டுதான் வரும். உம்மால பொய் சொல்லேலாது, முகம் காட்டிக் குடுத்திடும். அந்தாள் தானா வாற நேரம் வரட்டும். நாங்கள் இழுத்துக்கொண்டு வரேலாது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த நேரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கருத்து கிளப்பிய புகையில் கடற்றொழில் திணைக்களம் குத்தகையை நிறுத்திவைத்து ஒரு விசாரணை தொடங்கியது. அக்காவை இரண்டுமுறை அழைத்து, இரண்டுமுறையும் ஒத்திவைத்து, மூன்றாவதுக்கு இந்த வியாழக்கிழமையைக் குறித்தார்கள். கம்பனியின் வாதம் எளிமையானது. கூட்டத்துக்கே வராத ஒரு பெண் எழுதிய கட்டுக்கதையை வைத்து எப்படிக் குத்தகையை மறுக்கலாம்? அந்த மனிதரைக் காப்பாற்றிய அதே மௌனம்தான் அவருடைய உண்மையை விழுத்திக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். கடைசி மாதங்களில் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்தார். "வியாழக்கிழமை என்ன கேப்பினமோ" என்று போன கிழமை என்னிடம் சொன்னார். அதுதான் அவரிடமிருந்து நான் கேட்ட கடைசி வசனம்.

நேற்று ஊர்காவற்றுறைச் சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தோம். அவரைத் திட்டி எழுதிய சிலரும் வந்து தலைகுனிந்து நின்றார்கள். குழிக்குள் மண் போட்டுவிட்டு எல்லோரும் கலையும்போது அந்த அல்லைப்பிட்டி மனிதர் என்னிடம் வந்தார். இரண்டு வருடங்களில் நாங்கள் நேரில் பேசியதில்லை.

"அண்ணை, அவ போனதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு கம்பனிக்காரர் கதைக்கினம். எழுதினவ இல்லை, இனி ஆரைக் கேக்கிறது எண்டு."

நான் அவரைக் கூட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி அழைத்துப்போனேன்.

"மூத்தவள் போன மாசமே கேட்டவள், அப்பா, இன்னும் எவ்வளவு நாளைக்கு அந்த அன்ரி உங்களுக்கு விழவேண்டிய பேச்சை வாங்குவா எண்டு. நான் இந்த வியாழன் போவம் எண்டுதான் இருந்தனான். அவவுக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சனான், சொல்லேல்லை." அவர் குழிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் எழுதிற ஆள். என்ர பேரைப் போட்டு எழுதுங்கோ. பிறகு நான் பயத்தில பின்வாங்கேலாமல் இருக்கட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ? பிள்ளையள்?"

"பிள்ளையள்தான் அனுப்பினவை. நீங்களும் வருவியளோ?"

வருகிறேன் என்றேன். இந்த முறை எனக்கு நிம்மதியில்லை, பயம்தான். அவருக்கும் அப்படித்தான். அவர் விரல்களில் அக்காவின் குழி மண் ஒட்டியிருந்தது. அதைத் தட்டாமலே என் கையைப் பிடித்துக்கொண்டு வெளிப்படலை வாசல்வரை நடந்தார்.

ஆகவே விசாரணை செய்பவர்களும், கம்பனியும், திட்டியவர்களும், வாழ்த்தியவர்களும் அறிய இதை எழுதுகிறேன். அந்தக் கருத்தை எழுதியவர் அல்லைப்பிட்டி சூசைமுத்து அல்பிரட். கொப்பியைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டுப் பார்சலுக்குக் கையெழுத்து வாங்கியவர் அவரே. அதை அவருடன் பேசாமல், சொல்கேளாமல், அவசரப்பட்டு வெளியிட்டவன் மடத்துவெளி கந்தையா பரந்தாமன், நான். றெஜினா அக்கா அதை எழுதவுமில்லை, வெளியிடவுமில்லை. எங்கள் இருவருக்கும் வரவேண்டியதை இரண்டு வருடங்கள் தனியே வாங்கிக்கொண்டார்.

அக்கா, வியாழக்கிழமை நாங்கள் போகிறோம். நீங்கள் வரத் தேவையில்லை. இளைப்பாறுங்கள்.