ஐந்தருவியில் துணி காக்க ஒரு ஆள்

என் பேத்தி பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே என் தங்கச்சி சங்கரேஸ்வரி என் காதருகே வந்து சொன்னாள்.

"ஏண்ணே, பேர் வைக்கிற அன்னைக்குப் பாண்டித்துரை அத்தானைக் கண்டிப்பா கூப்பிடணும். வராம மட்டும் இருந்திரக்கூடாது."

பிள்ளையை நான் இன்னும் கையில்கூட வாங்கவில்லை. அதற்குள் இவளுக்கு இந்த அவசரம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கூப்பிடச் சொன்னது விருந்து போட அல்ல.

சங்கரி எங்கள் தெருவில் முதன்முதலில் கம்ப்யூட்டர் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மேலகரத்தில் ரபீக் அண்ணாச்சியின் சென்டரில் சேர்ந்தாள். எங்கள் அத்தை மகன் பாண்டித்துரையும் அங்கேதான் படித்தான். போலீஸ் வேலைக்கு உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்த காலம் அது. வகுப்பு முடிந்தபின் அண்ணாச்சி கார் ஆட்டம் ஆட விடுவார். ஒரு சின்னச் சிவப்புக் கார், எதிரே லாரி லாரியாக வரும். மோதாமல் எத்தனை லாரியைத் தாண்டுகிறோமோ அத்தனை புள்ளி. அதில் சங்கரியை மிஞ்ச ஆள் கிடையாது.

குற்றாலத்தில் சீசன் வந்தது. வகுப்பே சேர்ந்து ஐந்தருவிக்குக் கிளம்பியது. அருவிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், கூட்டத்தில் ஒருவர் நனையாமல் கரையில் நின்று எல்லாருடைய துணிமணி, செருப்பு, வாட்ச் எல்லாவற்றையும் காக்க வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. கிளம்புமுன் சென்டரிலேயே சங்கரியும் பாண்டியும் ஆளுக்கொரு கார் ஆட்டம் ஆடுவது, தோற்றவர் துணி காப்பது என்று முடிவாயிற்று.

சங்கரி தோற்றாள். சாரலில் விறைத்துக்கொண்டு, ஊர்ப்பட்ட துணியைச் சுமந்து நின்றாள். பாண்டி ஈரத்தலையோடு வந்து தன் துண்டையும் அவள் தோளில் போட்டான். "பத்திரமா வச்சிக்கோட்டி, துணிக்காரி!"

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவனை ஜெயிக்காமல் ஐந்தருவியில் தலை நனைப்பதில்லை என்று அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மெயினருவியில் குளிப்பாள், பழைய குற்றாலத்தில் குளிப்பாள். ஐந்தருவி என்றால் காய்ச்சல் என்பாள். அவள் கல்யாண மேடையிலேயே பாண்டி தோள் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "ஏ துணிக்காரி, இதையும் பாத்துக்கோ!" சபையே சிரித்தது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "என் துண்டு பத்திரமா இருக்கா?"

வருஷங்கள் ஓடின. சென்டரை மூடி, கம்ப்யூட்டர் பெட்டிகளை எல்லாம் காயலான் கடைக்குப் போட்டார் அண்ணாச்சி. பாண்டி சப்-இன்ஸ்பெக்டர் ஆனான். சங்கரி மேலகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தாள். அந்தக் கார் ஆட்டம் இருந்த ஒரு பிளாப்பியை மட்டும் முறுக்கு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

போன வருஷம் ஒரு வளைகாப்பில் பாண்டி மறுபடியும் துண்டை நீட்டினான். வீட்டுக்கு வந்தவள் சேலைகூட மாற்றாமல் அந்த டப்பாவைத் திறந்தாள். குற்றாலத்து ஈரம் பிளாப்பியை விட்டுவைக்குமா? பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

தென்காசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஜோஷ்வா அதைத் தூக்கிப் பார்த்தான். "யக்கா, இதைத் தொல்பொருள்காரன்ட்டல்லா குடுக்கணும்."

"வாய மூடிட்டு வழியச் சொல்லுடே."

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். லேப்டாப்பில் சொருகுகிற பிளாப்பி டிரைவை அவனிடம் இரவல் வாங்கி, ஆட்டத்தை ஏற்றினாள். இது இந்த மிஷினில் ஓடாது என்று லேப்டாப் கையை விரித்தது. புது மிஷினுக்குள்ளேயே பழைய மிஷின் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம் இருக்கிறது என்று ஜோஷ்வா போட்டுக் கொடுத்தான். ஆட்டம் ஓடியது. ஆனால் கண் இமைப்பதற்குள் கார் நொறுங்கியது.

"ரோடே தெரியலையேட்டி" என்றேன், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு.

"பழைய ஆட்டம்லாண்ணே. மிஷினு என்ன வேகமோ அந்த வேகத்துக்குப் பறக்கும். நாமதான் கொறைக்கணும்."

ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கிக் குறைத்துக்கொண்டே வந்தாள். லாரியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சத்தம் வரும். டகடகடகவென்று வந்துகொண்டிருந்தது, குறையக் குறைய டொக், டொக் என்று ஆனது. அவள் கை அப்படியே நின்றது.

"அண்ணே, அன்னைக்கு அவன் ஆடும்போது தெரைய மறைச்சுக்கிட்டு எல்லாரும் நின்னாவ. எனக்கு இந்தச் சத்தந்தான் கேட்டுச்சு."

"அதுக்கென்ன?"

"நான் ஆடும்போது இப்படிக் கேக்கலையே! ரபீக் அண்ணாச்சி பெட்டில முன்னால ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்குனா மிஷினு பாதி வேகத்துக்கு வந்துரும். தொடாதீங்கன்னு மொத நாளே சொன்னாவ. பெட்டி மேசைக்குக் கீழதான் இருக்கும். இவன் காலை அகட்டி, முட்டிய அதுல ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்ணே. போலீசுக்குப் போறவன் தோரணைன்னு நெனச்சிட்டேன்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. "வாட்டி, இப்பமே போயி சட்டையப் புடிப்போம்."

"கேட்டா இல்லம்பான். வரட்டும்."

"அப்பம் அவன் ஆடும்போது வேகத்தக் கூட்டி விட்டுரு."

புழுவைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "அதுக்கு அவன் ஒருத்தன் போதாதா? நான் வேறயா?"

தோற்ற அன்றைக்கு அவளுக்கு ஓடிய வேகத்தைக் காதால் கேட்டுக் கேட்டுச் சரியாக அமைத்தாள். ஜெராக்ஸ் எடுக்க ஆள் வராத நேரமெல்லாம் ஆடினாள்.

பேர் வைக்கும் நாள் வந்தது. அபர்ணா என்று பிள்ளையின் காதில் நான்தான் சொன்னேன். சொன்னதும் என் மீசையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள் பாருங்கள், ராஜாத்தி! சாப்பாடு முடிந்ததும் பாண்டி வழக்கம்போல வந்து துண்டை நீட்டினான்.

"ஏ துணிக்காரி, இந்தா!"

இந்தத் தடவை சங்கரி அதை வாங்கி, நான்காக மடித்து, மேசையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒரு ஆட்டம் போடுவமா அத்தான்? தோத்தவுக நாளைக்கு ஐந்தருவில எல்லாருக்கும் துணி காக்கணும்."

திரையில் சிவப்புக் காரைப் பார்த்ததும் அவன் துள்ளினான். "அடியே! இத இன்னுமா வச்சிருக்க? கண்ண மூடிட்டே ஜெயிப்பேன்லா."

சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்றது. சங்கரி முதலில் ஆடினாள். என் மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். டகடகடகவென்ற சத்தத்தைக் கேட்டே சங்கரி எவ்வளவு தூரம் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்து பாண்டி உட்கார்ந்தான். ரெண்டாவது லாரியிலேயே மோதினான். "இரு, இரு, கை பழகல." இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாள். மறுபடியும் மோதினான். இன்னொன்றும் கொடுத்தாள். அவனுக்கு வியர்த்துவிட்டது.

"ஏட்டி, என்ன இது இந்த ஓட்டம் ஓடுது? அது இப்படியா ஓடுச்சு?"

"வேற எப்படி ஓடுச்சு அத்தான்?"

"மெதுவால்லா ஓடும்!"

"எனக்கு இப்படித்தான் ஓடுச்சு."

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். அவன் வலது முட்டி மேசைக்காலைப் போய்ப் போய் இடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கே தெரியாமல். சங்கரியும் குனிந்து பார்த்தாள்.

"அங்கன பட்டன் கெடையாது அத்தான். இது லேப்டாப்பு."

அவன் முட்டி சட்டென்று நின்றது.

"என்ன பட்டனு?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாய். சங்கரி எல்லோருக்கும் கேட்கும்படி, ஒன்றுவிடாமல் சொன்னாள். பாண்டி இல்லை என்று சொல்லப் பார்த்தான். மேசைக்கடியில் முட்டியைப் பார்த்தவர்கள் யாரும் நம்பவில்லை.

"அடப்பாவி மனுசா! களவாணித்தனம் பண்ணிட்டு, கல்யாண மேடையில வச்சு அவ கையிலயே துண்டயும் குடுத்தீயளே!" என்று ஆவுடைத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வேன் பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல், நல்ல தண்ணீர். பாண்டி கரையில் நின்றான். ஒவ்வொருவராக அவன் தோளிலும் கையிலும் ஏற்றினோம். என் செருப்பை நானே அவன் விரலில் மாட்டிவிட்டேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் பதறிப்போய் வந்து விறைப்பாக நின்றார்.

"ஐயா, இங்கன என்ன டூட்டி?"

"துணி டூட்டி" என்றாள் சங்கரி, பெண்கள் குளிக்கிற பக்கம் நடந்தபடியே.

நாங்கள் குளித்து, தலை துவட்டி, சூடான பஜ்ஜியும் தின்று முடித்தோம். சங்கரி மட்டும் வரவில்லை. பாண்டி நடுங்கிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

"ஏ சங்கரி, போதும் வாட்டி! எல்லாரும் வந்தாச்சு!"

நீர் சொட்டச் சொட்ட வந்தாள். மாற்றுச் சேலை அவன் கையில் இருந்தது. அதை அவள் வாங்கவில்லை.

"என் துணி பத்திரமா இருக்கா அத்தான்?"

அவன் தலையை ஆட்டினான். அவள் கூந்தலைப் பிழிந்து உதறிவிட்டு, திரும்பவும் அருவிக்குள் போனாள்.